சுளகுக் கேடயம்

எங்கள் பக்கத்தில் யாராவது சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் கேட்பவர் முகம் மாறிவிடும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பிள்ளைகளின் சண்டை. போன வருசம் ஆனி மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, வேலிகளுக்கு நடுவே போகும் எங்கள் ஒழுங்கையில் நாள் தவறாமல் நடந்தது.

கோயில் வெளியில் களரி கட்டிக் கூத்து ஆடியிருந்தார்கள். ராசாக்கள் வாளும் கேடயமுமாகச் சுற்றிச் சுற்றி ஆடியதை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் முன்னால் பாய் போட்டு இருந்து பார்த்தார்கள். மறுநாளே ஒழுங்கைக்குள் வட்டமாகவும் தட்டையாகவும் இருந்த சாமானெல்லாம் காணாமற்போகத் தொடங்கியது. என் சோற்றுப்பானை மூடி போனது. பெயின்ற் வாளி மூடிகள் போயின. கடைசி வீட்டுப் பையன் ஒருவன் உடைந்த டிஷ் அன்டெனாவையே தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அவனை அசைக்க ஒருவராலும் முடியவில்லை, அவனாலேயும் அசைய முடியவில்லை.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பானை மூடியை எடுத்துக்கொண்டு போனவள் அவள்தான். நான் வேலையால் வந்ததும் வராததுமாக ஒழுங்கையில் இறங்கி, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் அதைப் பறித்துக்கொண்டு வந்தேன். சோறு வடிக்க மூடி வேண்டுமே என்று பெரிதாகச் சத்தமும் போட்டேன். கேடயம் இல்லாதவர் ராசாவாக முடியாது என்பது அவர்கள் சட்டம். அதனால் அவள் கட்டியகாரன் ஆனாள். மற்ற ராசாக்கள் வரும்போது முன்னால் ஓடி, 'ராசா வாறார், ராசா வாறார்' என்று கத்துவதுதான் அவளுக்கு வேலை. டவுணில் ஒரு கடையில் பிளாஸ்ரிக் வாளும் கேடயமும் ஒன்றாக ஒட்டித் தொங்கவிட்டிருந்ததை அவள் கண்டு வைத்திருந்தாள். வாங்கித் தரச்சொல்லி ஒவ்வொரு காலையும் கேட்பாள். நாளைக்கு என்பேன். தகப்பன் கட்டாரில் வேலை. நான் மாலை பஸ்ஸில் வந்து இறங்கும்போது ஆறு மணியாகிவிடும், கடை கண்ணியெல்லாம் எனக்கு நினைவில் நிற்காது.

வேலிக்கு அங்கால் வீட்டு அக்காவுக்கும் ஒரு மகள், ஒன்பது வயது. அவள் இந்த விளையாட்டுக்கு வரவில்லை. பொழுது சாயும் நேரம் தவறாமல் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்ததும் தலையை மேற்கே திருப்பிக்கொள்வாளாம். அந்தப் பக்கம் வாவி. கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு இருப்பாள், கூப்பிட்டால் காதில் விழாது, வாயில் ஒரு பருக்கை இறங்காது. நான் புளியந்தீவில் ஒரு லேப்பில் வேலை. இரத்தம் எடுப்பதும் சோதிப்பதும் என் தொழில். அக்கா பிள்ளையை என்னிடந்தான் கொண்டுவந்தாள். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை, எண்ணிக்கை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"ஒண்டுமில்ல அக்கா. எல்லாம் சரியா இரிக்கி" என்று ரிப்போர்ட்டைக் கொடுத்தேன்.

"ஒண்டுமில்லாட்டி இது என்னகா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. கையில் கடதாசியைக் கொடுத்த பிறகும் ஒருவர் கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும். அது என் பிறவிக்குணம், மாற்றிக்கொள்ள நான் பெரிதாக முயன்றதும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு அக்கா ஊர் வைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியாரைக் கூட்டிவந்து கழிப்புக் கழித்தாள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளையைப் பிடித்திருப்பதைச் சாமான்களில் இறக்கி, அந்தச் சாமான்களைக் கொண்டுபோய் வெளியே விட்டுவிடுவதுதான் கழிப்பு. நான் அன்று வேலையில் நின்றேன். விசயத்தைக் கேட்டபோது லேப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்தேன்.

அதற்கு மூன்று நாளைக்குப் பிறகு, நான் பஸ்ஸால் இறங்கி வரும்போது என் மகள் வேலிப் படலைக்குள் ராசாவாக நின்றாள். இடது கையில் அரிசி புடைக்கிற ஒரு பழைய சுளகு. பின்பக்கம் இரண்டு இடத்தில் பிளாஸ்ரிக் கயிறு கட்டி அதற்குள் கையை நுழைத்திருந்தாள். சுளகின் விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்து, நீல வலைநூலால் கட்டப்பட்டிருந்தது. ஓலை தண்ணீரில் ஊறிக் கறுத்துப்போய்க் கிடந்தது. நடுவில் கையளவு கருகிய வட்டம், அதைச் சுற்றி மஞ்சள் மாதிரி ஒரு மங்கல்.

"ஏன் மகள், சுளகத் தூக்கிக்கொண்டா சண்டைக்குப் போறாய்? சுளகு ஆள்ள பட்டா ஆகாது எண்டு தெரியாதா?"

வாய் அப்படிச் சொல்லும், எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரின் வாயும் சொல்லும். மற்றப்படி எனக்கு அதில் நம்பிக்கை ஒன்றும் கிடையாது.

"எங்க எடுத்த?"

"வாவிக் கரையில, கண்டல் மரத்துக்குள்ள. என்னப் பாத்துக்கொண்டு கிடந்த அம்மா."

"சுளகு பாக்குமா?"

"கண் இரிக்கே" என்று கருகிய வட்டத்தைக் காட்டினாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி டவுண் கடைக்குப் போக வேண்டியதில்லை, பானை மூடியும் தப்பியது. நல்ல கேடயம் என்று சொல்லி, அவள் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை அரைநாளோடு வந்துவிட்டேன். குசினியில் மீன் கழுவிக்கொண்டு நிற்கிறேன், ஒழுங்கையில் சண்டை மும்முரம். கம்பு மூடியில் படும் சத்தம், டிஷ் அன்டெனாவில் படும் சத்தம், ஒருவரை ஒருவர் ஏசுகிற சத்தம். திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். ஆனால் ஓடினால் ஓடுகிற சத்தமாவது கேட்க வேண்டும். ஈரக்கையோடு யன்னலால் எட்டிப் பார்த்தேன்.

ஒருவரும் ஓடவில்லை. எட்டுப் பிள்ளைகளும் வேலியோரமாக நின்றார்கள். கம்புகள் நிலத்தைப் பார்த்துத் தொங்கின, மூடிகள் காலடியில் கிடந்தன. நடுவில் என் மகள் மட்டும் சுளகைப் பிடித்துக்கொண்டு, கூத்தில் ராசா வரவுக்கு ஆடுவது போல மிதித்து மிதித்து வட்டம் வந்தாள். புழுதியில் அவள் கால் படும் சத்தம் மட்டும் கேட்டது. சுளகின் முகம் யார் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பிள்ளை ஒரு அடி பின்னால் போனது. ஏழு வயதுப் பிள்ளை, மெலிந்த கை, கையில் ஒரு ஓட்டைச் சுளகு. அதைப் பார்த்து அவளைவிட இரண்டு மடங்கு பெரிய பையன்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

"என்ன விளையாட்டு இது?" என்று யன்னலால் சத்தம் போட்டேன்.

அவள் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். மற்றப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூடியைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டிஷ் அன்டெனாக்காரனைப் படலையில் மறித்து, ஏன் சண்டை பிடிக்காமல் நின்றீர்கள் என்று கேட்டேன். "அவள் அதத் திருப்பினா குளிருது மாமி" என்றான். கச்சான் காற்று நெருப்பாய் வீசுகிற மாதம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாளும் அவள்தான் ராசா. வீட்டுக்கு வந்தால் சுளகைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பாள். அதே நாட்களில் அடுத்த வீட்டு அக்காவின் மகள் எழும்பி நடமாடத் தொடங்கியிருந்தாள். வேலிக்கு மேலால் கண்டு, "பாத்தீங்களா அக்கா, நான் சொன்ன மாதிரி ஒண்டுமில்லத்தானே" என்று கெட்டித்தனம் பேசினேன். அக்கா ஓம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் என்னை நிறுத்தி வைத்து அரை மணித்தியாலம் பேசுகிறவள்.

ஐந்தாம் நாள் மாலை என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பொழுது சாய்கிற நேரம். பனடோல் கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன். அவள் தலையை மெதுவாக மேற்கே திருப்பினாள். நான் நேரே திருப்பி வைத்தேன். திரும்பவும் திருப்பினாள். எங்கள் அறையில் அந்தப் பக்கம் யன்னல்கூட இல்லை, வெறும் சுவர். அந்தச் சுவரையே கண் இமைக்காமல் பார்த்தாள்.

மறுநாள் அவளை லேப்புக்குக் கூட்டிப்போய் நானே இரத்தம் எடுத்தேன். ஊசி குத்தும்போது பிள்ளைகள் கத்துவார்கள். அவள் கத்தவில்லை, கையைக்கூடப் பார்க்கவில்லை. முடிவு வந்தது, எல்லாம் சரி. இயந்திரத்தில் பிழை என்று கண்ணாடித் தட்டில் இரத்தத்தைப் பூசி நானே உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் திரும்ப எடுத்தேன். ஒன்றுமில்லை. அந்தச் சொல்லை வருசக்கணக்காக எத்தனையோ தாய்மாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளையின் பெயருக்கு நேரே அதைப் பார்த்தபோது கடதாசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் நின்றேன். அவள் சுளகைக் கட்டிலில் தனக்கும் சுவருக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். படுக்கைத் துணி மாற்றவேண்டும் என்று அதைத் தூக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் பிள்ளையின் பிடி போல அது இல்லை.

"அதத் தூக்காதங்க அம்மா. அது இல்லாட்டி நான் எங்க இரிக்கன் எண்டு தெரிஞ்சிரும்."

"ஆருக்குத் தெரிஞ்சிரும்?"

"அக்காட்ட இரிந்ததுக்கு."

"எந்த அக்கா?"

வேலிப்பக்கம் விரலை நீட்டினாள். பிறகு மறுபடியும் சுவரைப் பார்த்தாள். வீட்டில் எனக்கும் அவளுக்கும் அப்பால் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி லீவு. காலையில் அக்காவின் மகள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். என் மகளைப் பார்க்க வந்தவள் அறை வாசலோடு நின்றுவிட்டாள்.

"மாமி, அது என்ட தலையச் சுத்தின சுளகு" என்றாள்.

நான் விளங்காமல் பார்த்தேன். "அந்த நீல நூல் அம்மா கட்டின. எனக்குக் கழிப்புக் கழிச்ச சுளகு" என்றாள். சொல்லிவிட்டு, சுளகுக்கு முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து வெளியே போனாள்.

நான் வேலிக்குப் போனேன். எனக்கு ஒழுங்கை முனை வரைக்கும் கேட்கும் குரல், அன்று அது கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அக்கா! இஞ்ச வாங்க! எங்கட வீட்டுச் சுளகு ஆருட சுளகு?"

அவள் வந்தாள். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"கண்டீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"கண்டன்."

"எப்ப?"

"அவள் எடுத்துக்கொண்டு வந்த அண்டைக்கே. மாமரத்துக்குக் கீழ இரிந்து கயிறு கட்டிக்கொண்டிரிந்தாள்."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"சொல்லத்தான் புள்ள வந்தன். இந்த வேலி வரைக்கும் வந்தன். கழிச்சி மூண்டு நாள், என்ட புள்ளைக்கு ஒரு மாற்றமும் இல்ல. நான் வேலில கைய வைக்கக்குள்ள உள்ளுக்க இரிந்து, 'அம்மா, பசிக்கி' எண்டு சொன்னாள். பதினொரு நாளைக்குப் புறகு கேட்ட சத்தம். நான் திரும்பிப் போய்ச் சோறு போட்டன்."

நான் அவளை ஏசினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பெற்ற வயிறா அது என்று கேட்டேன். வேலித்தடி ஒன்றைப் பிடுங்கி அவள் காலடியில் எறிந்தேன். அவள் நான் களைத்து நிறுத்தும்வரை நின்று கேட்டாள். பிறகு சொன்னாள்:

"உச்சிக்கு முதல் அதக் கொண்டு போய் விடு. முச்சந்தில வைக்கத்தான் பரியாரியார் சொன்னவர். அங்க இப்ப கடையும் கமராவும். ஆக்கள் கண்டா ஏசுவாங்க எண்டு வாவில விட்டம். முகத்துவாரம் அடைச்சிக் கிடக்கிறது எங்களுக்கு ஞாபகம் வரல்ல."

வாவிக்கரையில் பிறந்தவர்கள் மறக்கக்கூடாத விசயம் அது. மழை இல்லாத மாதங்களில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும், வாவித் தண்ணீருக்குக் கடலுக்குப் போக வழி இருக்காது. அந்த நேரம் வாவியில் எதை விட்டாலும் அது எங்கேயும் போகாது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்துக் கரையில் ஏறும்.

"எரிச்சா என்ன?"

"எரிச்சா அது இரிக்கிற வீட்டிலேயே தங்கிரும்."

"கடலுக்குக் கொண்டு போறன்."

"கடலுக்குப் போற வழில அம்மன் கோயில். கதவு திறந்து சடங்கு நடக்கிது. இதத் தூக்கிக்கொண்டு அம்மனுக்கு முன்னால போவியா?"

சுற்றிப் போக இன்னொரு வழி இருந்தது. வெயிலில் அரை மணித்தியால நடை. அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது என்றுதான் இப்போதும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

"போகக்குள்ள ஒருத்தரோடயும் கதையாத" என்றாள் அக்கா. "விட்டுட்டு வரக்குள்ள என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பாக்காத. நான் புள்ளையோட இரிக்கன்."

மகள் நித்திரை. சுளகின் கயிற்றுக்குள் கை நுழைந்தபடியே இருந்தது. அதைக் கழற்ற எனக்கு நெடுநேரம் பிடித்தது. அவள் சொன்னது என் காதுக்குள்ளேயே நின்றது. இது அவளைக் கெடுக்கிற சாமானா, காக்கிற சாமானா? அக்கா ஒன்று சொல்கிறாள், பிள்ளை இன்னொன்று சொல்கிறாள், இரத்தம் ஒன்றுமே சொல்லவில்லை. கடைசி விரலையும் விடுவித்தபோது மணிக்கட்டில் கயிறு பதிந்த தடம் சிவப்பாய்த் தெரிந்தது. அவள் முழிக்கவில்லை. நான் சுளகை நெஞ்சோடு அணைக்காமல், கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

உச்சி நெருங்குகிற வெயில். ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. காலையிலிருந்து அடித்த கச்சான் விழுந்து, கண்டல் இலை ஒன்றும் அசையாமல் நின்றது. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிச் சுளகை வைத்து மெல்லத் தள்ளினேன். கருகிய வட்டம் மேலே பார்க்கக் கிடந்தது. போகாமல் என் காலைச் சுற்றிக்கொண்டு நிற்குமோ என்று பயந்தேன். காற்றே இல்லை, ஆனாலும் அது போனது. கரையோடு தெற்குப் பக்கமாக, ஆள் நடக்கும் வேகத்தில் போனது.

நான் கரையேறித் திரும்பி நடந்தேன். பத்துப் பன்னிரண்டு அடி போயிருப்பேன். பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன்.

கரை வளைகிற இடத்தில் அடுத்த குறிச்சியின் தோணித்துறை. அங்கே ஒரு பெண்பிள்ளையும் ஒரு சின்னவனும், அவளுடைய தம்பியாக இருக்கலாம், குளித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கொடுக்கிற சிவப்புச் சட்டை அவளுடையது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் அந்தப் பிள்ளை சுளகைத் தூக்கினாள். தண்ணீர் வடியும்வரை தலைக்கு மேல் பிடித்திருந்தாள். பிறகு முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். பின்னாலிருந்த கயிறு அவள் கண்ணில் பட்டது, அதற்குள் கையை நுழைத்தாள். அவளும் கூத்துப் பார்த்த பிள்ளைதான். தண்ணீருக்குள்ளேயே மிதித்து மிதித்து ஆடினாள். தம்பிக்காரன் கைகொட்டிச் சிரித்தான்.

கூப்பிட்டிருக்கலாம். என் குரலுக்கு அந்தத் தூரம் ஒன்றுமே இல்லை. 'புள்ள' என்று வாயைத் திறந்தேன், அந்தச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காதே என்று ஏன் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. பேய்க்குப் பயந்து சொன்னதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். நான் பயந்து ஓடிவரவில்லை. நின்று பார்த்தேன், யோசித்தேன், பிறகு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று பொழுது சாயும்போது என் மகள் எழும்பி இருந்தாள். சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பசிக்கிறது என்றாள். சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது எனக்கு அழுகை அடங்கவில்லை. எல்லாம் தின்று முடித்துவிட்டுக் கட்டிலைத் தடவிப் பார்த்தாள்.

"என்ட கேடயம் எங்க அம்மா?"

"தண்ணில போயிற்று மகள்."

"ஆர் எடுத்த?"

"ஒருத்தரும் எடுக்கல்ல."

பிளாஸ்ரிக் கேடயத்தை மறுநாளே வாங்கிக் கொடுத்தேன். அதை வைத்து அவள் மற்றப் பிள்ளைகளோடு சாதாரணமாக அடிபட்டாள், தோற்றாள், அழுதாள். ஒழுங்கையில் பழைய சத்தம் திரும்பி வந்தது. அக்காவும் நானும் பிறகு சண்டை பிடிக்கவில்லை. வேலிக்கு மேலால் மீன்கறி வரும், நான் கிண்ணத்தைக் கழுவி மாம்பழம் வைத்துக் கொடுப்பேன். இருவரும் கிண்ணத்தைப் பார்த்தே பேசிக்கொள்கிறோம். எனக்கு இப்போது அவளை ஏச முடியாது, அது அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

லேப்பில் மட்டும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிள்ளைகளின் படிவம் வந்தால் முதலில் விலாசத்தைப் பார்ப்பேன். பெயரும் வயதும் அதற்குப் பிறகுதான். போயா கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், அந்தக் குறிச்சியின் பெயர் வந்தது. மாலையில் காய்ச்சல், ஐந்து நாள் என்று எழுதியிருந்தது.

கதிரையில் இருந்த பிள்ளையை எனக்குத் தெரிந்தது. மேற்குப் பக்கத்து யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கையை நீட்டச் சொன்னேன், நீட்டினாள். மணிக்கட்டில் கயிறு பதிந்த தடம். ஊசி ஏறும்போது அவள் அசையவில்லை. நான்தான் கண்ணை மூடினேன்.

இரண்டு தரம் சோதித்தேன். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தாய் எழும்பி நின்றாள். மெலிந்த பெண், முந்தானையில் பிள்ளையின் எச்சில் காய்ந்திருந்தது.

"ஒண்டுமில்லையா மிஸ்?"

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உங்கள் வீட்டில் சுளகு ஒன்று இருக்கிறதா என்று கேட்டால் போதும். கேட்டால் அவள் ஓம் என்பாள். நான் விசயத்தைச் சொன்னால் இன்றைக்கே கொண்டுபோய் வாவியில் விடுவாள். முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. அவளுடைய துறைக்கு அடுத்த கரை எங்கள் கரை. என் மகள் இந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் விளையாடிக்கொண்டிருப்பாள்.

"ஒண்டுமில்ல" என்றேன். "எல்லாம் சரியா இரிக்கி."

அவள் கடதாசியை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒன்றுமில்லாட்டி இது என்ன என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "நீங்களும் உங்கட புள்ள குட்டியும் நல்லா இரிக்கணும் மிஸ்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.